வந்த தேதி, போன தேதி, பூத்த தேதி: பருவக் குறிப்பு எழுதத் தொடங்குவோருக்கு

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிறையத் தொடங்கியதும் செய்தித்தாளில் வேடந்தாங்கல் படமோ கூந்தன்குளம் படமோ வந்துவிடும். மரத்து உச்சியில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். படத்துக்குக் கீழே ‘வெளிநாட்டுப் பறவைகள் வருகை’ என்று போட்டிருப்பார்கள். அந்த நாரைகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை அல்ல. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் நம் துணைக்கண்டத்துக்குள்ளேயே தண்ணீரும் மீனும் இருக்கும் பக்கம் இடம் மாறுபவை. உண்மையில் நெடுந்தூரம் கடந்து வந்தவை அதே ஏரியின் நடுவில் மிதக்கும் நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும், கரைச்சேற்றில் ஓடித்திரியும் உள்ளான்களும்தான். படம் எடுப்பவர் கண்ணில் அவை படுவதே இல்லை.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது: குளிர்காலத்துக்காக வடக்கிலிருந்து இங்கே வலசை வரும் பறவை இங்கே கூடு கட்டாது. சாப்பிடும், தூங்கும், இறகு மாற்றும், திரும்பிப் போய்விடும். கூடு கட்டுவது அங்கேதான்.

இந்த வரவு போக்கையும், மரங்கள் தளிர்த்துப் பூப்பதையும் தேதியோடு எழுதி வைக்கிற பருவக் குறிப்புப் பழக்கம் உலகத்தில் பல ஊர்களில் உண்டு. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாள் குறித்து 9ஆம் நூற்றாண்டிலிருந்தே குறிப்புகள் கிடைக்கின்றன. 2021இல் மார்ச் 26ஆம் தேதியே மரங்கள் முழுதாகப் பூத்தபோது, 1,200 ஆண்டுப் பதிவில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை என்று சொல்ல முடிந்தது அந்தக் குறிப்புகளால்தான். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் வசந்தத்தின் அறிகுறிகளை எழுதத் தொடங்கினார். முதல் தகைவிலான் பறவை எப்போது வந்தது, எந்த மரம் எப்போது தளிர்த்தது, தவளை எப்போது கத்தியது என்று எழுதினார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் 1958 வரை எழுதினார்கள். இந்தியாவில் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2007இல் ‘மைக்ரண்ட்வாட்ச்’ என்ற பெயரில் வலசைப் பறவைகளின் வருகைத் தேதிகளைப் பொதுமக்களிடமிருந்து வாங்க ஆரம்பித்தது. அந்த வேலை இப்போது பறவைப் பட்டியல்களை ஏற்றும் ‘ஈ-பேர்ட்’ இணையதளத்தில் நடக்கிறது. மரங்களுக்கென்று 2010 முதல் ‘சீசன்வாட்ச்’ இருக்கிறது. இரண்டிலும் யார் வேண்டுமானாலும் சேரலாம், காசு கிடையாது.

‘இல்லை’ என்று எழுதுவது

மற்ற எதையும் விட இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ‘அக்டோபர் 9, வீட்டுக்குப் பின்னால் பழுப்புக் கீச்சான் பார்த்தேன்’ என்று ஒருவர் ஒரு வலசைப் பறவையைப் பற்றி எழுதுகிறார். நல்ல குறிப்புதான். ஆனால் அவர் அந்த இடத்துக்கு அதற்கு முன் போன நாள் ஆகஸ்ட் 15 என்றால், கீச்சான் ஆகஸ்ட் 16க்கும் அக்டோபர் 9க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அதே ஆள் அக்டோபர் 5, 7, 8 தேதிகளில் போய், தேடி, ‘கீச்சான் இல்லை’ என்று எழுதியிருந்தால், 9ஆம் தேதிக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. முதல் வருகைத் தேதி என்பது இரண்டு தேதிகள்: கடைசியாகத் தேடியும் கிடைக்காத நாள், முதலில் கண்ட நாள். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குக் குறிப்பு நம்பத்தக்கது.

புதியவர்கள் பலர் ‘இன்றைக்கு ஒன்றும் இல்லை’ என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். அந்த நாள்தான் அவர்கள் எழுதியிருக்க வேண்டிய நாள். கீழே வரும் எல்லா வழிமுறையும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

படி 1: பக்கத்தில் ஓர் இடம்

வேடந்தாங்கலையும் கோடியக்கரையையும் இப்போதைக்கு விடுங்கள். அவை ஆண்டுக்கு ஒரு முறை போகும் இடங்கள். குறிப்பு எழுத வேண்டிய இடம் நடந்தோ சைக்கிளிலோ 10 நிமிடத்தில் போகக்கூடியதாக இருக்க வேண்டும். ஊர்க் கண்மாய்க் கரை, கல்லூரி வளாகம், கோயில் நந்தவனம், வயலுக்கு நடுவே ஓடும் வாய்க்கால், அடுக்குமாடி மொட்டைமாடி, எதுவும் சரிதான். ஒரே கேள்வி: வாரம் ஒரு முறையாவது, மழையிலும் தேர்வு நேரத்திலும், என்னால் இங்கே வர முடியுமா? முடியும் என்றால் அது நல்ல இடம்.

கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் புதர், ஒரு திறந்த வெளி, மின்கம்பி என நான்கும் சேர்ந்து இருந்தால் ரொம்ப நல்லது. தகைவிலான் கம்பியில் உட்காரும், உள்ளான் தண்ணீர் ஓரத்தில் நிற்கும், கதிர்க்குருவி புதருக்குள் ‘டக் டக்’ என்று சத்தம் போடும்.

எல்லையை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ‘மதகிலிருந்து அரசமரம் வரை, 30 நிமிடம்’ என்று வைத்தால் ஆண்டு முழுக்க அதேதான். ஒரு நாள் 10 நிமிடம், மறுநாள் 3 மணி நேரம் என்றால் இரண்டையும் ஒப்பிட வழியில்லை.

படி 2: உள்ளூர்க்காரர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜூன், ஜூலை மாதங்களில் சமவெளியில் வலசைப் பறவைகள் அநேகமாக இருக்காது. தொடங்குவதற்கு அதுதான் சிறந்த நேரம். அப்போது கண்ணில் படுவது பெரும்பாலும் இங்கேயே வாழ்பவை. அவற்றை நன்றாகப் பழகிக்கொண்டால், செப்டம்பரில் புதிதாக ஒன்று வந்ததும் ‘இது நம் ஊர் ஆள் இல்லையே’ என்று தானாகத் தெரியும்.

குழப்பம் வருவது சில ஜோடிகளில்தான். குளத்தங்கரையில் ஆண்டு முழுக்க இருக்கும் கருப்பு வெள்ளை வாலாட்டி வெண்புருவ வாலாட்டி, அது உள்ளூர்ப் பறவை. வயிற்றில் மஞ்சள் தெரிந்தால் சாம்பல் வாலாட்டியோ மஞ்சள் வாலாட்டியோ. இரண்டும் வலசை வருபவை. வயல்வெளிக் கம்பியில் உட்காரும் கருகருவென்ற கரிச்சான் நம்மூர்க்காரர். மரநிழலில் இருக்கும் சாம்பல் நிறத்து, சிவந்த கண் கரிச்சான் குளிர்கால விருந்தாளி. சிறிய பச்சைப் பஞ்சுருட்டான் எப்போதும் இருப்பது. அதைவிடப் பெரிதாக, வால் நீலமாக, குளத்தின் மேல் கூட்டமாகச் சுற்றினால் அது நீலவால் பஞ்சுருட்டான். அதைத் தேதியோடு எழுத வேண்டும்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 என்று கேளுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். விடியற்காலை வெளிச்சத்துக்கு இந்த அளவு போதும். 20 மடங்கு என்று விளம்பரம் செய்யப்படுவதைக் கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது, அவ்வளவு ஆடும். பைனாகுலர் இல்லாமலும் தொடங்கலாம். தகைவிலான், சூறைக்குருவி, குயிலின் முதல் கூவல், மரங்கள், இவற்றுக்கெல்லாம் கண்ணும் காதும் போதும். அடையாளம் காண ‘மெர்லின்’ என்ற இலவசச் செயலி உதவும். அது குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொன்னதாலேயே எழுதிவிடக் கூடாது. பறவையைக் கண்ணால் பார்த்தோ, குரலை நீங்களே உறுதியாக அறிந்தோதான் எழுத வேண்டும்.

படி 3: ஐந்து பறவை, ஒரு மரம்

எல்லாவற்றையும் பின்தொடர ஆசை வரும். முதல் ஆண்டுக்கு ஐந்து போதும். உள்நாட்டுச் சமவெளியில் இருப்பவருக்கு நான் சொல்லும் ஐந்து: தகைவிலான் (Barn Swallow), பழுப்புக் கீச்சான் (Brown Shrike), ஆறுமணிக் குருவி (Indian Pitta), மாங்குயில் (Golden Oriole), சூறைக்குருவி (Rosy Starling).

ஆறுமணிக் குருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் வருகையைப் பார்க்கிற அளவுக்கு மனதை நிறைக்கிற விஷயம் எங்கள் பக்கத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு, கண்ணைச் சுற்றிக் கருப்புப் பட்டை, கட்டை வால். கோடையிலும் தென்மேற்குப் பருவமழையிலும் வட, மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் கடைசியிலிருந்து தெற்கே இறங்கும். சில இங்கேயே தங்கும், சில கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகும். பயணம் இரவில். களைத்துப்போன பறவை ஊருக்குள் இறங்கி, விளக்கு எரியும் வீட்டுக்குள்ளோ மாடிப்படியிலோ உட்கார்ந்திருப்பது அக்டோபரில் பல ஊர்களில் நடக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, படம் எடுக்கக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. தெளிந்ததும் பக்கத்தில் மரம் செடி உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவிட்டால் போய்விடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மற்றபடி அதன் வருகையைத் தெரிந்துகொள்ள அதைப் பார்க்க வேண்டியதில்லை. விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும். பெயரே அதனால் வந்ததுதான். அக்டோபர் முழுக்கத் தினமும் அந்த நேரத்தில் 10 நிமிடம் வெளியில் நின்று கேளுங்கள். கேட்டதா இல்லையா என்று எழுதுங்கள். ‘இல்லை’ என்ற குறிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் பறவை வேறு எதுவும் இல்லை.

கடற்கரையிலோ கழிமுகத்திலோ இருப்பவர்கள் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு உள்ளான்கள்தான் முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பவர்களுக்குச் சாம்பல் வாலாட்டி: ஆகஸ்ட் கடைசியிலேயே ஓடைப் பாறையில் வந்து வாலை ஆட்டத் தொடங்கிவிடும்.

மரத்துக்கு, வீட்டு வாசலில் அல்லது தெருவில் இருக்கும் வேம்பு, கொன்றை, புங்கம், மா இவற்றில் ஒன்று. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

படி 4: நோட்டில் என்ன எழுதுவது

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், நடந்த தூரம், மழை மேகம் காற்று, கூட எத்தனை பேர். அப்புறம் பார்த்த பறவைகள், ஒவ்வொன்றும் எத்தனை. கடைசியில் உங்கள் ஐந்து பறவைகளின் பெயரையும் எழுதி, இருந்தது / இல்லை என்று குறியுங்கள். தமிழ் மாதமும் எழுத விரும்பினால் எழுதலாம், ஆனால் ஆங்கிலத் தேதியும் ஆண்டும் கட்டாயம். ‘ஐப்பசி மூணாம் வாரம்’ என்பது பத்து ஆண்டுக்குப் பிறகு யாருக்கும் உதவாது.

எண்ணிக்கை துல்லியமாக வராது என்று பயப்பட வேண்டாம். சூறைக்குருவிக் கூட்டத்தை எப்படி எண்ணுவது? பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள், அந்தக் கட்டத்தை மனதில் வைத்து மொத்தக் கூட்டத்தையும் அளந்துவிடுங்கள். 340 என்று வந்தால் 340 என்று எழுதுங்கள். ‘நிறைய’ என்று எழுதாதீர்கள்.

அன்றைக்கே எழுத வேண்டும். இரவு நினைவிலிருந்து எழுதினால் பார்க்காதது உள்ளே வரும், பார்த்தது விட்டுப்போகும்.

படி 5: ஈ-பேர்டில் ஏற்றுவது

கைபேசியில் ஈ-பேர்ட் செயலியை இறக்கிக் கணக்குத் தொடங்குங்கள். இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், வீட்டுக்கு வந்து அனுப்பலாம். குறைந்தது 15 நிமிடம் ஒரே கவனமாகப் பார்த்து ஒரு பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் செயலி ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் இதில் எழுதிவிட்டீர்களா? காக்கை, மைனா, புறா உட்பட எல்லாம் எழுதியிருந்தால் மட்டும் ‘ஆம்’ என்று சொல்லுங்கள். அந்த ‘ஆம்’ என்ன செய்கிறது தெரியுமா? உங்கள் பட்டியலில் இல்லாத பறவை அன்று உங்கள் கண்ணில் படவில்லை என்று அது புரிந்துகொள்கிறது. மேலே சொன்ன ‘இல்லை’ என்ற குறிப்பு இப்படித்தான் கணக்கில் சேர்கிறது. காக்கையை எழுதச் சோம்பல்பட்டு, அரிய பறவையை மட்டும் ஏற்றுபவர்களின் பட்டியலால் வலசைக் கணக்குக்குப் பயன் மிகக் குறைவு.

பதிலுக்குத் தளம் உங்களுக்கு ஒன்று தருகிறது. உங்கள் மாவட்டத்தின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பட்டை வரைபடம் வரும். மாதத்துக்கு நான்கு கட்டம், ஆண்டுக்கு 48. எந்த வாரத்தில் எத்தனை விழுக்காடு பட்டியல்களில் அந்தப் பறவை வந்தது என்பதைப் பட்டையின் தடிமனே காட்டும். கீச்சானுக்குச் செப்டம்பரில் மெல்லிய கோடாகத் தொடங்கி அக்டோபரில் தடிக்கும், மே மாதத்தில் காணாமல் போகும். உங்கள் ஐந்து பறவைகளையும் எந்த வாரத்திலிருந்து தேட வேண்டும் என்று இதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த வாரத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்தே தேடத் தொடங்குங்கள்.

வழக்கத்துக்கு முந்தைய தேதியில் ஒரு பறவையை ஏற்றினால் செயலி விளக்கம் கேட்கும். சில நாள் கழித்துத் தன்னார்வ மதிப்பீட்டாளர் ஒருவர் மின்னஞ்சலும் அனுப்பலாம். கோபப்பட வேண்டாம். எப்படி இருந்தது, என்ன செய்தது, எதனால் வேறு பறவை இல்லை என்று நினைத்தீர்கள் என்று சொன்னால் போதும். மங்கலான படமாக இருந்தாலும் சேர்த்துவிடுங்கள்.

ஆடி முதல் சித்திரை வரை

சமவெளித் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ இப்படி. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு முன்பின் ஆகும்.

ஜூலைக் கடைசி, ஆகஸ்டில் முதல் உள்ளான்கள். வெயில் இன்னும் சுட்டெரிக்கும்போதே வந்து நிற்கும். வடக்கே கோடை குறுகியது, குஞ்சு பொரித்த வேலை முடிந்ததும் முதிர்ந்த பறவைகள் கிளம்பிவிடுகின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் தகைவிலான்கள் கம்பியில் வரிசை கட்டும். செப்டம்பரில் கீச்சான், நாணல் கதிர்க்குருவி, வயல்களில் மஞ்சள் வாலாட்டி. அக்டோபரில் ஆறுமணிக் குருவி, மாங்குயில், சாம்பல் கரிச்சான், ஈப்பிடிப்பான்கள், தரிசு நிலத்தின் மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்து. வாத்துகள் கடைசியில்தான். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் அவற்றுக்கு இடம், அது நம் வடகிழக்குப் பருவமழையின் கையில் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் சேரும். தெற்கே கூந்தன்குளம், விஜயநாராயணம் பக்கம் இருப்பவர்களுக்குப் பட்டைத்தலை வாத்து. திபெத், மங்கோலியப் பீடபூமிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி நெல்லை வயலுக்கு வருகிற பறவை அது.

அதனால் வாத்து தாமதமானால் உடனே வலசை தாமதம் என்று எழுதிவிடக் கூடாது. ஏரியில் நீர்மட்டம் என்ன என்பதையும் நோட்டில் எழுதுங்கள்: வற்றியது, கால்வாசி, பாதி, நிறைந்தது என்று நான்கே அளவு. மதகையோ படித்துறையையோ அடையாளமாக வைத்துக்கொண்டால் சுலபம்.

ஜனவரியில் பொங்கல் நாட்களில், 2015 முதல், தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. நான்கு நாளில் ஏதாவது ஒரு நாள் 15 நிமிடம் ஒதுக்கினாலும் கலந்துகொண்டதாகும். அதே மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களிலும் வீட்டுக் கொல்லையிலும் எண்ணும் உலகளாவிய கணக்கெடுப்பு. புதியவர்கள் பழகிய ஆட்களோடு கூட நடந்து கற்றுக்கொள்ள இவைதான் வழி. உங்கள் ஊரில் ஒரு பறவை ஆர்வலர் குழு இருக்கிறதா என்பது இந்த நாட்களில் தெரிந்துவிடும்.

போகிற தேதி

வருவதைப் பார்ப்பதை விடப் போவதைப் பிடிப்பது கடினம். வந்த பறவை கண்ணில் படும். போன பறவை சொல்லிக்கொண்டு போகாது. ஏப்ரல் 18 அன்று கீச்சானைப் பார்க்கும்போது அதுதான் கடைசி முறை என்று உங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வரிசையாக ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதும்போதுதான் தெரியவரும். பெரும்பாலானவர்கள் மார்ச்சில் வெயில் ஏறியதும் நடையை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் நம் மாநிலத்தில் வருகைத் தேதிகள் கிடைக்கிற அளவுக்குப் புறப்பாட்டுத் தேதிகள் கிடைப்பதில்லை. மே நடுப்பகுதி வரை அதே இடம், அதே அரை மணி நேரம் என்று தொடருங்கள். விடியற்காலை 6 மணிக்குப் போனால் வெயில் பெரிய தொந்தரவில்லை.

புறப்பாட்டுக்கு முன் பறவைகளின் உடையில் மாற்றம் தெரியும், அதையும் குறியுங்கள். செப்டம்பரில் சாம்பலாக வந்த வளைமூக்கு உள்ளான் ஏப்ரலில் செங்கல் நிறமாகும். பொன்னிற உப்புக்கொத்தியின் மார்பும் வயிறும் திட்டுத்திட்டாகக் கருக்கத் தொடங்கும். பெட்டையைப் போலவே வந்த நீலச்சிறகிச் சேவலுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பிறை தெளிவாகிவிடும். முதல் இரண்டுக்கும் வடதுருவத்துக்கு அருகே இன்னும் பனி உருகாத நிலத்தின் வசந்தத்துக்கான உடுப்பு அது. பழவேற்காட்டுச் சேற்றிலும் கோடியக்கரை உப்பளத்திலும் அதை நாம் பார்க்கிறோம்.

உள்ளானின் காலில் வண்ணப் பட்டையோ வளையமோ தெரிந்தால் எந்தக் கால், எந்த நிறம் மேலே, எந்த நிறம் கீழே, எழுத்து ஏதும் உண்டா என்று உடனே எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் படம் எடுங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் போட்டுவருகிறது. வளையத்தில் அந்தக் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி பொறித்திருக்கும். உங்கள் ஒரு குறிப்பால் ஒரு பறவையின் முழுப் பயணமும் தெரியவரலாம்.

இளவேனில் மரங்கள்

நம் இளவேனிலுக்குப் பனி உருக வேண்டியதில்லை. வெயில் ஏற ஏற மரம் இலையை உதிர்த்துவிட்டுத் தளிரும் பூவுமாக நிற்கும், அதுதான் அடையாளம். ஜனவரி, பிப்ரவரியில் மா பூக்கும், இலவு இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்புப் பூவைத் திறக்கும். அதே சமயம் கல்யாண முருங்கை. பிப்ரவரி, மார்ச்சில் காட்டோரங்களில் புரசு, ஊருக்குள் புங்கந்தளிர். மார்ச், ஏப்ரலில் வேம்பு பழைய இலையை உதிர்த்துப் புது இலையும் பூவும் விடும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு அந்தப் பூதான். ஏப்ரல், மே மாதங்களில் கொன்றை. மழைக்காலம் முழுக்க வாயைத் திறக்காத குயில் தை, மாசியில் கூவ ஆரம்பிக்கும். குயில் எங்கும் போய் வருவதில்லை, இங்கேயேதான் இருக்கிறது. ஆனாலும் அதன் முதல் கூவல் எழுதத் தகுந்த ஒரு தேதி.

சீசன்வாட்ச் முறை எளிது. ஒரு குறிப்பிட்ட மரத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ‘எங்கள் தெருக் கொன்றைகள்’ என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. ‘தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நிற்கும் கொன்றை’. வாரம் ஒரு முறை அதே மரத்தின் முன் நின்று தளிர், முதிர்ந்த இலை, பழுத்து உதிரும் இலை, மொட்டு, விரிந்த பூ, காய், பழம் என்று ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். மரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் கொஞ்சம், அதற்கு மேல் இருந்தால் நிறைய. இரண்டு நிமிட வேலை. ஒரே பக்கத்திலிருந்து பார்க்காமல் சுற்றி வந்து பாருங்கள். வெயில் படும் பக்கமும் படாத பக்கமும் ஒன்றாக இருக்காது.

இங்கேயும் ‘இல்லை’ முக்கியம். நவம்பரில் ‘பூ இல்லை’ என்று வாரா வாரம் எழுதியவருக்குத்தான், ஓர் ஆண்டு டிசம்பரில் கொன்றை பூத்தால் அது வழக்கமா வழக்கத்துக்கு மாறானதா என்று சொல்ல முடியும்.

பறவைக் குறிப்பும் மரக் குறிப்பும் கைகோர்க்கும் இடம் ஒன்று உண்டு. மத்திய ஆசியாவிலிருந்து வந்த சூறைக்குருவிக் கூட்டம், ஊர் திரும்பும் முன் பிப்ரவரி, மார்ச்சில் இலவிலும் கல்யாண முருங்கையிலும் தேன் குடிக்கக் குவியும். மொட்டு நிலையிலிருந்தே அந்த மரத்தைக் கவனித்துவந்தால் கூட்டம் எந்த நாள் வந்தது என்று பிடித்துவிடலாம்.

பறவை அல்லாத பயணிகள்

கோயம்புத்தூர், நீலகிரி அடிவாரம், சேர்வராயன் மலை பக்கம் இருப்பவர்கள் வண்ணத்துப்பூச்சி வலசையைத் தவறவிடக் கூடாது. நீல வரியன், கருநீல வரியன், அவற்றோடு கருப்பு நிறச் சொந்தக்காரர்கள் எல்லாம் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் தொடக்கத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளம்பும். அக்டோபர், நவம்பரில் திரும்பும். ஒரே திசையில், தாழ்வாக, நிற்காமல் பறந்தால் அது வலசை. கைபேசித் திசைகாட்டியில் திசையைப் பாருங்கள், இரண்டு மரங்களுக்கு நடுவே கற்பனையாக ஒரு கோடு போட்டு 5 நிமிடத்தில் எத்தனை கடந்தன என்று எண்ணுங்கள். தங்கி இளைப்பாறும் கூட்டத்தைக் காணக் கிலுகிலுப்பைச் செடியைத் தேடுங்கள், மொய்த்துக்கொண்டிருக்கும். இலங்கையில் மார்ச், ஏப்ரலில் சிவனொளிபாத மலையை நோக்கிப் போகும் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்ப்பவர்களுக்கும் இதே முறைதான்.

கடற்கரைக்காரர்களுக்குப் பங்குனி ஆமை. முட்டையிடக் கரையேறும் காலத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் உயிரினம். சென்னையில் ஜனவரி முதல் ஏறத்தாழ ஏப்ரல் வரை. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து கூடுகளைத் தேடுகிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களும் சேரலாம். தனியாகப் போய்த் தேட வேண்டாம். டார்ச், பிளாஷ் இரண்டும் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும். முட்டையைத் தொடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பறவைகளிடமும் இதே மரியாதை வேண்டும். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்காதீர்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் வந்த உடம்பில் மிச்சமிருக்கும் சக்தியை அது வீணாக்கும். கூட்டின் அருகே போகாதீர்கள், கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். ஓய்வெடுக்கும் உள்ளான் கூட்டத்தைப் பறக்கும் படத்துக்காக விரட்டுகிறவரைக் கண்டால் நேரில் சொல்லித் தடுங்கள்.

மே மாதக் கணக்கு

ஒரு பருவம் முடிந்ததும் ஒரே ஒரு தாள் எடுத்து, ஒவ்வொரு பறவைக்கும் நான்கு தேதி எழுதுங்கள்: வருவதற்கு முன் கடைசியாகத் தேடிக் கிடைக்காத நாள், முதலில் கண்ட நாள், கடைசியாகக் கண்ட நாள், அதற்குப் பின் தேடிக் கிடைக்காத முதல் நாள். மரத்துக்கு முதல் தளிர், முதல் பூ, பூ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய வாரம், முதல் காய். பக்கத்தில் எத்தனை வாரம் நடை விட்டுப்போனது என்பதையும் எழுதுங்கள், அதை மறைக்க வேண்டாம். ஓர் ஆண்டின் தேதியை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. ஒரே இடத்தில் பல ஆண்டுகள் சேர்ந்தால், அதுவும் உங்களைப் போன்ற பலர் பல இடங்களில் சேர்த்தால் முடியும்.

நோட்டு நிறைந்துவிட்டால் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஜூனில் புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இடத்தின் எல்லையை மறுபடி வரைந்து வையுங்கள். ஜூலைக் கடைசி வாரத்திலிருந்து கரையோரம் உள்ளான் தேடத் தொடங்க வேண்டும். அதுவரை வரும் ஒவ்வொரு நடைக்கும் அந்தப் பெயருக்கு நேரே ‘இல்லை’.